லேப்டாப்பில் இடம் எங்கே போகிறது? போட்டோ மென்பொருள் ஏன் திணறுகிறது?

(நம் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில், ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் செய்திமடலில் வெளியிடுகிறோம்.)

செயலாளர் சார் இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து தண்ணீர் லாரி கணக்கு இருக்கிறது, அதற்குத்தான் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போன மூன்று மாதத்தில் நம் பில்டிங்கிலேயே ஆறு பேர் என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஆறு பேருக்கும் ஒரே புகார். ஒன்று, லேப்டாப்பில் சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, எதை அழித்தாலும் நாலு நாளில் மறுபடி சிவப்பு. இரண்டு, போட்டோ திருத்தும் மென்பொருள் ஊர்கிறது. ஸ்லைடரை இழுத்தால் படம் காப்பி குடித்துவிட்டு வந்து மாறுகிறது. மூன்று பேரிடம் கடைக்காரர் "புதுசு வாங்கிடுங்க சார்" என்று சொல்லியிருக்கிறார். அந்த மூன்றில் இரண்டுக்கு ஒரு ரூபாய் செலவில்லாமல் சரியானது. மூன்றாவதற்கு உண்மையிலேயே செலவு வேண்டியிருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

குற்றம் நம் ஊர் மேலும் உண்டு. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற வழியில் உப்பங்கழியில் பூநாரை வந்து நிற்கிறது. விடியற்காலை மாமல்லபுரம் போனால் கடற்கரைக் கோயில் பின்னாலிருந்து சூரியன். போதாததற்கு நம் கந்தசுவாமி கோயில் உற்சவங்கள். இப்படி ஒரு இடத்தில் குடியிருந்துகொண்டு கேமராவை பீரோவில் வைத்துப் பூட்ட யாரால் முடியும்? இப்போதைய கேமரா பறவை சிறகை விரிக்கும் ஒரு நொடியில் பத்துப் படம் எடுக்கிறது. ரா வடிவத்தில் எடுத்தால் ஒரு படம் 25 முதல் 40 எம்.பி. வரை வரும். 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலையில் 600 படம் என்றால் 18 ஜி.பி. நம்மில் பலர் வைத்திருப்பது 256 ஜி.பி. லேப்டாப். அதுவும் விண்டோஸில் 238 என்றுதான் காட்டும். கம்பெனிக்காரர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். யாரும் திருடவில்லை. அந்த 238ல் விண்டோஸும் மற்ற மென்பொருள்களும் உட்கார்ந்தது போக, ஏழெட்டு பூநாரைக் காலைகளில் கதை முடிந்தது.

இதுவரை எல்லோருக்கும் புரிகிற கணக்கு. புரியாதது, படங்களை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிய பிறகும் சி டிரைவ் நிரம்புவது. அதுதான் இன்றைக்குப் பேச்சு.

நான் லைட்ரூம் கிளாசிக்கை வைத்துச் சொல்கிறேன், ஆறு பேரில் ஐந்து பேர் அதைத்தான் வைத்திருந்தார்கள். வேறு மென்பொருளாக இருந்தாலும் உள் ஏற்பாடு கிட்டத்தட்ட இதுதான். லைட்ரூம் உங்கள் படத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. படம் எங்கே இருக்கிறது, அதில் நீங்கள் என்னென்ன திருத்தினீர்கள், எத்தனை நட்சத்திரம் போட்டீர்கள், என்ன தலைப்பு எழுதினீர்கள் என்று ஒரு கணக்குப் புத்தகம் எழுதுகிறது. அதற்குப் பெயர் கேட்லாக். நம் சங்கத்தில் லாரி வந்த கணக்கு எழுதுகிற நோட்டு மாதிரி. நோட்டில் தண்ணீர் இருக்காது, ஆனால் நோட்டு தொலைந்தால் எத்தனை லாரி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த நோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஃபோல்டர் வளர்கிறது. பிரிவ்யூஸ் என்று பெயரில் இருக்கும். ஒவ்வொரு படத்தையும் திரையில் சீக்கிரம் காட்டுவதற்காக மென்பொருள் எடுத்து வைத்துக்கொள்ளும் ஜெராக்ஸ் பிரதிகள். நீங்கள் ஒரு படத்தைப் பெரிதாக்கி, கண்ணில் ஃபோகஸ் இருக்கிறதா என்று பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படத்துக்கு முழு அளவில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைக்கிறது. சாதாரணமாக 30 நாளில் அவை தானே கழியும். ஆனால் கேட்லாக் செட்டிங்ஸில் 'நெவர்' என்று யாராவது மாற்றி வைத்திருந்தால் கழியவே கழியாது. பி பிளாக் சாரின் லேப்டாப்பில் அப்படித்தான் இருந்தது. ஏதோ ஒரு யூடியூப் வீடியோ பார்த்து, வேகம் கூடும் என்று மாற்றினாராம். 70 ஜி.பி. ஜெராக்ஸ்!

இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். கேட்லாக்கை மூடும்போது "பேக்கப் எடுக்கட்டுமா" என்று கேட்கும், நாமும் சரி என்போம். பழைய பேக்கப்பை அது தானாக அழிப்பதில்லை. நாலு வருடத்துப் பேக்கப் அடுக்கிக் கிடக்கும். கடைசி நாலைந்து போதும். அடுத்து, பெரிய பதிப்பு மாறும்போது கேட்லாக்கை அது புதிதாக எழுதிக்கொண்டு, பழையதை அப்படியே விட்டுவிடும். மூன்றாவதுதான் இப்போதைய பெரிய பூதம். 2023 ஏப்ரலில் டீநாய்ஸ் என்று ஒரு வசதி வந்தது. இருட்டில் எடுத்த படத்தில் இருக்கும் மணல் மணலான புள்ளியை நீக்கும், பறவைக்காரர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் ஆரம்பத்தில் அது ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஒரு டி.என்.ஜி. கோப்பை உண்டாக்கியது, அது மூலப் படத்தைவிடப் பெரிதாக இருக்கும். 2025ல் வந்த பதிப்பில்தான் தனிக் கோப்பு இல்லாமல் செய்கிற முறை வந்தது. அதற்கு முன் நீங்கள் விளையாடியதெல்லாம் இன்னும் டிஸ்க்கில் இருக்கிறது.

போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது வேலை செய்யும்போது டிஸ்க்கில் ஒரு பகுதியைக் கரும்பலகை மாதிரி எழுதி அழித்துப் பயன்படுத்துகிறது, ஸ்கிராட்ச் டிஸ்க் என்பார்கள். கரண்ட் போய் லேப்டாப் திடீரென்று அணைந்தால் பலகை அழிக்கப்படாமல் நிற்கும். டெம்ப் ஃபோல்டரில் போட்டோஷாப் டெம்ப் என்று ஆரம்பிக்கும் பெரிய கோப்புகள் இருந்தால், மென்பொருளை மூடிவிட்டு தைரியமாக அழிக்கலாம்.

இங்கே நிறுத்தி, என் கதையைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லத்தான் செயலாளரிடம் நேரம் கேட்டேன்.

ஒரு ராத்திரி, பதினொன்றரை மணி. காலையில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போக வேண்டும், லேப்டாப்பில் இடமில்லை. பிக்சர்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். அதற்குள் லைட்ரூம் என்று ஒரு ஃபோல்டர், 61 ஜி.பி. என் படங்கள் எல்லாம் வெளி டிஸ்க்கில் இருக்கின்றன. அப்படியென்றால் இது வெறும் குப்பைதானே? ரீசைக்கிள் பின்னுக்குப் போனால் இடம் திரும்பாது என்று புத்திசாலித்தனமாக ஷிஃப்ட்டையும் அழுத்திக்கொண்டு டெலீட் தட்டினேன். 61 ஜி.பி. கிடைத்தது. நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த ஃபோல்டரில் ஜெராக்ஸ் இருந்தது. கூடவே கேட்லாக்கும் இருந்தது. கேட்லாக்கின் பேக்கப்பும் அதற்குள்ளேதான் இருந்தது, ஏனென்றால் மாற்றிச் சொல்லாவிட்டால் அது அங்கேதான் எடுத்து வைக்கும். வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் போட்டு வைத்திருந்திருக்கிறேன்.

திருத்தங்கள் போனது பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. உட்கார்ந்தால் மறுபடி செய்துவிடலாம். போனது வேறு. 2019ல் எங்கள் வீட்டு பழைய கறுப்பு வெள்ளை ஆல்பம் முழுவதையும் ஸ்கேன் செய்தேன், 212 படம். மதுராந்தகம் ஸ்டுடியோவில் எடுத்தவை, செங்கல்பட்டுக் கல்யாணங்கள், யாரென்றே தெரியாத முகங்கள். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வாரம் மாலை மாலையாக, இது யார், அது யார், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு என்று கேட்டுக் கேட்டு லைட்ரூமில் தலைப்பாகத் தட்டினேன். அம்மா இரண்டு வருடத்துக்குப் பிறகு போய்விட்டார்கள். அந்தப் பெயர்கள் கேட்லாக்கில் மட்டும்தான் இருந்தன. படத்துக்குள் எழுதப்படவில்லை. 212 முகமும் பத்திரமாக என் டிஸ்க்கில் இருக்கின்றன, பெயர் இல்லாமல்.

மீட்டுக் கொடுப்பவர்களிடம் கொண்டுபோனேன். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஏதாவது முயன்றிருக்கலாம் என்றார்கள். எஸ்.எஸ்.டி.யில் ஒரு கோப்பை அழித்ததும் விண்டோஸ் "இந்த இடம் இனி வேண்டாம்" என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடுகிறது, டிஸ்க்கும் ஓய்வு நேரத்தில் அதைத் துடைத்து வைத்துவிடுகிறது. நான் தூங்கிய நேரத்தில் துடைத்து முடித்திருக்கும்.

நம் கோயில் உண்டியலில் ஒரு பக்தரின் ஐபோன் தவறி விழுந்தது நினைவிருக்கும். 2024 டிசம்பரில் நாடு முழுக்கச் செய்தியானது. உண்டியலில் விழுந்த போன் சுவாமிக்குச் சொந்தம், உள்ளே இருக்கிற தகவலை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. என் கதை அப்படியே தலைகீழ். கருவி என்னிடம், தகவல் உண்டியலில்.

அதனால் எதையும் அழிப்பதற்கு முன் நான் இப்போது கேட்பது ஒன்றுதான்: இதை மறுபடி செய்துகொள்ள முடியுமா? பிரிவ்யூஸ் ஃபோல்டரை முடியும். மூலப் படம் இருக்கும் டிஸ்க் கையில் இருந்தால் மென்பொருளே மறுபடி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளும். கேமரா ரா கேஷ் முடியும். கேட்லாக் முடியாது. கோப்பின் பெயர் எல்.ஆர்.கேட் என்று முடிந்தால் கை வைக்காதீர்கள். அதே பெயரோடு டேட்டா என்று ஒட்டிக்கொண்டு இன்னொரு கோப்பு இருக்கும், அதையும் தொடாதீர்கள், உங்கள் மாஸ்க் வேலைகள் அதற்குள் இருக்கின்றன. எதை வைப்பது என்று குழப்பமாக இருந்தால் கோப்புகளைக் கையால் அழிக்கவே வேண்டாம். லைட்ரூமுக்குள்ளேயே லைப்ரரி மெனு, பிரிவ்யூஸ், டிஸ்கார்ட் என்று வழி இருக்கிறது. அது ஜெராக்ஸை மட்டும்தான் கிழிக்கும்.

லைட்ரூமுக்கு வெளியே இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ். என்ன எவ்வளவு தின்கிறது என்று அதுவே பட்டியல் காட்டும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் வெட்கமாக இருக்கும், மூன்று வருடத்துக் கரண்ட் பில் எல்லாம் கிடக்கும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள். விண்டோஸ் பெரிய அப்டேட் முடித்ததும் பழைய விண்டோஸை 10 நாள் வைத்திருக்கும், பிறகு தானே போய்விடும், பயப்பட வேண்டாம். ஒன்ட்ரைவ் விஷயத்தில் மட்டும் கவனம். அந்த ஃபோல்டரில் இருக்கிற படத்தை டெலீட் செய்தால் மேகத்திலிருந்தும் போகும். இடம் மட்டும் வேண்டுமென்றால் வலது கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தட்டுங்கள். கூகுள் போட்டோஸும் அப்படித்தான். ஆப்பில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிந்தது. நான்காவது மாடி அக்கா பேத்தியின் காதுகுத்துப் படங்களை அப்படித்தான் தொலைக்கப் பார்த்தார்கள். டிராஷில் இருந்ததால் தப்பியது.

இப்போது வேகம். இடம் போவதும் வேகம் போவதும் பெரும்பாலும் ஒரே நோய். 24 மெகாபிக்சல் படம் ஒன்றைத் திறந்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பைட் என்று சுமார் 144 எம்.பி. ராமில் உட்காரும். ஐந்து லேயர் போட்டால் 700ஐத் தாண்டும். 8 ஜி.பி. ராமில் விண்டோஸ் ஒரு பங்கு, குரோமில் திறந்து வைத்த முப்பது டேப் ஒரு பங்கு. மீதி போதாதபோது டிஸ்க்கில் கொஞ்சம் இடம் கடன் வாங்கும். டிஸ்க்கும் நிரம்பியிருந்தால் கடன் கிடைக்காது, திணறும். எஸ்.எஸ்.டி.க்கும் எழுதுவதற்குக் காலி இடம் கைவசம் இருந்தால்தான் வேகம். ஐந்தில் ஒரு பங்கு காலியாக வைத்திருங்கள்.

யூகத்தில் எதையும் வாங்காதீர்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வழக்கம்போல் படத்தைத் திருத்துங்கள். மெமரி முட்டிக்கொண்டு நிற்கிறதா? குரோமை மூடுங்கள், பிறகும் முட்டினால் ராம் கூட்ட வேண்டும். டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறதா? நான் சொன்ன மூன்றாவது லேப்டாப் அதுதான். பழைய சுழலும் டிஸ்க். எஸ்.எஸ்.டி. மாற்றினோம், புது லேப்டாப் விலையில் சின்னப் பங்குதான் ஆனது. வேலை நடக்கும்போது ப்ராசசரின் வேகம் சரசரவென்று இறங்குகிறதா? அப்படியென்றால் சூடு. மெத்தை மேல் வைத்து, அக்னி நட்சத்திரத்தில், மின்விசிறியை மட்டும் நம்பி ஏ.ஐ. டீநாய்ஸ் ஓட்டினால் எந்த இயந்திரமும் மூச்சு வாங்கும். மேசையில் வையுங்கள், அடியில் காற்று போக இடம் விடுங்கள், தூசியைத் துடைக்கக் கொடுங்கள். பேட்டரியில் ஓடும்போதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சார்ஜர் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

பழைய லேப்டாப்தான், மாற்ற வசதியில்லை என்பவர்களுக்கு ஒரு வழி. ஸ்மார்ட் பிரிவ்யூ என்று சின்ன அளவுப் பிரதி எடுத்துக்கொண்டு, திருத்தும்போது மூலத்துக்குப் பதில் அதையே பயன்படுத்து என்று பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சொல்லிவிடலாம். நீளம் 2560 பிக்சல்தான், அதனால் கை வைத்ததும் நகரும். கடைசியில் ஏற்றுமதி செய்யும்போது மூலப் படத்தையே எடுத்துக்கொள்ளும். கேட்லாக்கை மட்டும் சுழலும் வெளி டிஸ்க்கில் வைக்காதீர்கள், உள் எஸ்.எஸ்.டி.யில் இருக்கட்டும். படங்கள் வெளியே இருக்கலாம்.

எல்லாம் செய்தும் மெதுவாக இருந்தால் உங்கள் மேல் மட்டும் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். லைட்ரூம் மெதுவாக இருக்கிறது என்பதை 2017 ஜூலையில் அடோபி நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்வதே முதல் வேலை என்று எழுதியது. மாதச் சந்தா கொடுக்க மனமில்லாதவர்கள் டார்க்டேபிள், ரா தெரபி இரண்டையும் பாருங்கள், இலவசம். பழகக் கொஞ்சம் நாள் பிடிக்கும். எனக்கு டார்க்டேபிள் இன்னும் பிடிபடவில்லை.

பேக்கப் பற்றி எல்லோரும் சொல்வதுதான், அதனால் சுருக்கமாக. 2020 ஆகஸ்டில் ஐபோனுக்கான லைட்ரூம் அப்டேட் ஒன்று, மேகத்துக்கு ஏறாத படங்களை அழித்துவிட்டது. திரும்பக் கிடைக்காது என்று மன்னிப்புதான் கேட்டார்கள். மிக்ஜாம் புயல் 2023 டிசம்பரில் என்ன செய்தது என்று சென்னையில் தரைத் தளத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். இரண்டாவது பிரதி இன்னொரு டிஸ்க்கில், இன்னொரு வீட்டில் இருக்கட்டும். என்னுடையது தாம்பரத்தில் தங்கை வீட்டு பீரோவில் இருக்கிறது. பேக்கப்பில் கேட்லாக் இருக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். பெயர், தலைப்பு எழுதினால் படங்களைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்துங்கள். ஜேபெக் என்றால் படத்துக்குள்ளேயே எழுதிவிடும், ரா என்றால் பக்கத்தில் சின்னதாக எக்ஸ்.எம்.பி. என்று ஒரு கோப்பு வைக்கும். அந்த இரண்டு விசையை அன்றைக்கு நான் அழுத்தவில்லை.

நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் சார் பார்க்கிறார். பின்வரிசையிலிருந்து மேடம் கேட்கிறார்கள், அம்மா சொன்ன பெயர்கள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையா என்று.

கொஞ்சம் கிடைத்தது மேடம். அந்த வருடம் உறவினர்களுக்குச் சில படங்களை அனுப்பியிருந்தேன். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியவற்றில் ஒன்றும் இல்லை, அது எழுத்தையெல்லாம் உரித்துவிட்டுத்தான் அனுப்பும். ஆனால் கோயம்புத்தூர் பெரியப்பா மகனுக்கு வாட்ஸ்அப் பழக்கமில்லை, அவருக்கு மட்டும் இமெயிலில் அனுப்பியிருந்தேன். அவர் எதையும் அழிக்கிற ஆளில்லை. 41 படம். திறந்து பார்த்தால் 41லும் அம்மா சொன்ன தலைப்பு அப்படியே இருந்தது. மிச்சம் 171. திருக்கழுக்குன்றத்தில் அத்தை இருக்கிறார்கள், எண்பத்து நாலு வயது. இரண்டு ஞாயிறாக லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறேன். இதுவரை 63 ஆகியிருக்கிறது. அதில் நாலு படத்தில், அம்மா மின்னஞ்சல் தலைப்பில் ஒரு பெயர் சொல்லியிருக்கிற அதே முகத்தை, "உங்கம்மாவுக்கு என்ன தெரியும், அது எங்க சின்ன மாமா" என்கிறார்கள். இரண்டு பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.